எஞ்சின் மாற்றிய வண்டியில் மவுண்ட் பிராக்கெட் தரும் தொல்லைகள்: அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் முறை

ஒரு வண்டிக்கு உரியதல்லாத எஞ்சினை அதில் பொருத்துவதற்காகக் கையால் வெட்டிப் பற்றவைத்த மவுண்ட் பிராக்கெட்டுகளை, அதாவது எஞ்சினைச் சேசிஸில் தாங்கும் பிடிகளை, பல ஆண்டுகளாகச் செய்தும் பழுது பார்த்தும் வருகிறேன். திரும்பத் திரும்ப வருபவை ஏழெட்டுத் தொல்லைகள்தாம். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் தகடு மெலிந்திருப்பது அன்று. எஞ்சின் தன் எடையில் தானாக உட்காராத ஒரு நிலையில் பிராக்கெட் பற்றவைக்கப்பட்டிருப்பதுதான். ஆகையால், கீழே எந்த அறிகுறிக்கும் "இன்னொரு தகட்டை ஒட்டிவிடுங்கள்" என்பது முதல் மருந்தாக வராது. ஒவ்வொரு அறிகுறியின் கீழும் செலவில்லாத காரணத்திலிருந்து செலவு மிகுந்த காரணம் வரை வரிசைப்படுத்தியிருக்கிறேன். அந்த வரிசையைத் தாண்டிப் போக வேண்டாம்.

எதையும் தொடும் முன்

எஞ்சினின் எடையை ஹாய்ஸ்ட் தாங்கட்டும். வண்டியின் எடையை ஸ்டாண்டுகள் தாங்கட்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. வண்டியின் மேலேயே பற்றவைக்க நேர்ந்தால் பேட்டரியின் இரு முனைகளையும் கழற்றி, எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டியின் இணைப்புகளையும் பிரித்து வைத்து, வெல்டிங் எர்த் கிளாம்பைப் பற்றவைக்கும் இடத்திற்கு மிக அருகில் மாட்டுங்கள். அதிர்வை விழுங்கும் ரப்பர் அல்லது பாலியூரிதேன் உருளையான புஷ் உள்ளே இருக்கும்போது அதன் கூட்டில் நெருப்பு வைக்கக் கூடாது. அதே அளவில் லேத்தில் கடைந்த இரும்புத் துண்டை புஷ்ஷுக்குப் பதிலாக வைத்துப் பற்றவைத்துவிட்டு, ஆறிய பிறகு புஷ்ஷை அழுத்தி ஏற்றுங்கள். துத்தநாகப் பூச்சுள்ள வாஷரையும் நட்டையும் பற்றவைத்தால் எழும் புகை காய்ச்சலைத் தரும் என்பதால் பூச்சை முதலில் தேய்த்து எடுக்க வேண்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இரும்பில் வெல்டிங் வைப்பது இதைவிடப் பெரிய ஆபத்து. அந்த வெப்பத்தில் அது ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும். துடைக்க அசிட்டோனைப் பயன்படுத்தி, அது முழுதும் காய்ந்த பிறகே தீப்பொறியைக் காட்டுங்கள்.

அறிகுறி: டேக் (தற்காலிகமாகச் சிறு புள்ளிகளில் மட்டும் வைக்கும் பற்றவைப்பு) வைத்தபோது பொருந்திய பிராக்கெட், முழுதாகப் பற்றவைத்த பின் பொருந்தவில்லை

முதலில் போல்ட்டுகள் முடுக்கப்பட்ட வரிசையைச் சந்தேகியுங்கள். இரண்டு முன் மவுண்டுகளையும் கியர்பாக்ஸ் மவுண்டையும் சேர்த்து எல்லா போல்ட்டுகளையும் இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்தி, எஞ்சினைக் கையால் நான்கு புறமும் அசைத்து உட்காரவிட்டு, மீண்டும் விரலால் திருகிப் பாருங்கள். ஒவ்வொரு போல்ட்டும் விரல் விசையில் முழு நீளமும் உள்ளே போனால் பிராக்கெட்டில் குற்றமில்லை. ஏதாவது ஒன்றுக்கு நெம்புகோல் தேவைப்பட்டால், எந்தத் திசையில் எத்தனை மில்லிமீட்டர் விலகல் இருக்கிறது என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்வரும் எல்லா அறிகுறிகளிலும் அந்த எண் பயன்படும்.

விலகல் 2 மி.மீ.க்கு மேல் இருந்தால் அது வெல்டிங் இழுத்த இழுப்பு. ஒரு பக்கம் மட்டும் நீளமாக ஒரே ஓட்டத்தில் பற்றவைத்தால், உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கித் தகட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். இதற்கு மருந்து, பிராக்கெட்டைப் பழைய எஞ்சின் பிளாக் மீதோ கனமான தகட்டில் செய்த ஜிக் (பொருளை அசையாமல் பிடித்து வைக்கும் சட்டம்) மீதோ போல்ட் போட்டு இறுக்கி வைத்து, 25 மி.மீ. அளவுள்ள சிறு ஓட்டங்களாக எதிரெதிர் பக்கங்களில் மாற்றி மாற்றிப் பற்றவைத்து, கையால் தொடும் அளவுக்குத் தானாக ஆறிய பின்பே கழற்றுவது. தண்ணீர் ஊற்றி ஆற்றினால் இழுப்பும் கூடும், பற்றவைப்பும் நொறுங்கும் தன்மை பெறும்.

ஏற்கெனவே கோணிவிட்ட பிராக்கெட்டின் துளையை ஃபைலால் நீட்டிச் சரிக்கட்டுவது பலரும் செய்யும் தவறு. துளை நீண்டதும் போல்ட் இடம் விட்டு நகரத் தொடங்கும். அதற்கான விலையைப் பின்னால் கொடுப்பீர்கள். பற்றவைத்த ஒரே ஒரு இணைப்பை கிரைண்டரால் அறுத்து, எஞ்சினைச் சரியான இடத்தில் நிறுத்தி, மறுபடி டேக் வையுங்கள். அரை நாள் வேலைதான்.

அறிகுறி: ஐட்லிங்கில் வண்டி முழுதும் நடுங்குகிறது, வேகம் கூட்டினால் அடங்குகிறது

நான்கு சிலிண்டர் எஞ்சின் 750 ஆர்.பி.எம்.-இல் நின்று ஓடும்போது நொடிக்கு 25 அதிர்வுகளை உண்டாக்குகிறது. அந்த அதிர்வை புஷ் விழுங்க வேண்டும். விழுங்காமல் உடலுக்குக் கடத்தினால் ஸ்டீயரிங்கும் கண்ணாடியும் நடுங்கும்.

மிக எளிய காரணம், மவுண்டைத் தவிர வேறெங்கோ இரும்போடு இரும்பு தொட்டுக்கொண்டிருப்பது. எக்ஸாஸ்ட் குழாய் சேசிஸில் உரசுகிறதா, கியர் லீவரின் அடிப்பகுதி தரைத்தகட்டில் முட்டுகிறதா, ஆயில் சம்ப்பின் (எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியின்) மூலை கிராஸ்மெம்பரில் (சேசிஸின் குறுக்குச் சட்டத்தில்) படுகிறதா என்று ஒரு அட்டைத் துண்டை ஒவ்வொரு இடைவெளியிலும் நுழைத்து இழுத்துப் பாருங்கள். அட்டை தங்குதடையின்றி வராத இடம் குற்றவாளி. என்னிடம் வந்த நடுங்கும் வண்டிகளில் பாதிக்கு மேல் இந்த அட்டையோடு முடிந்துவிட்டன.

அடுத்தது புஷ்ஷின் நடுவில் போல்ட் நுழையும் உள்குழாய். பிராக்கெட்டின் இரு காதுகளும் (புஷ்ஷின் இரு புறமும் நிற்கும் துளையுள்ள தகடுகள்) உள்குழாயைத்தான் கவ்வ வேண்டும். உள்குழாய் புஷ்ஷைவிடச் சற்றே நீண்டிருந்தால்தான் அது நடக்கும். குட்டையாக இருந்தால் போல்ட்டை முடுக்க முடுக்க ரப்பரின் பக்கங்கள் நசுங்கி, மவுண்ட் கல்லாகிவிடும். வெர்னியர் கொண்டு இரண்டையும் அளந்து, குட்டையானால் லேத்தில் புதிய குழாய் கடைந்து மாற்றுங்கள்.

அதற்கும் பிறகே புஷ்ஷின் கடினத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். சாதாரண ரப்பர் மவுண்டுகள், ரப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் ஏ அளவில் 50 முதல் 60 வரை இருக்கும். கடைகளில் கிடைக்கும் பாலியூரிதேன் புஷ்கள் பெரும்பாலும் 80-க்கு மேல் இருக்கும். பந்தய வண்டிக்கு அது சரி, தினமும் ஓட்டும் வண்டிக்கு அந்த நடுக்கத்தை ஏற்றுக்கொண்டே வாங்க வேண்டும். நடுக்கம் சீராக இல்லாமல் தட்டுத்தடுமாறி வந்தாலோ, 1,200 ஆர்.பி.எம்.-இலும் குறையாமல் நின்றாலோ மவுண்டை விட்டுவிட்டு ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர் பக்கம் போங்கள். அது எஞ்சின் பழுது.

அறிகுறி: ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் விட்டாலும் 'டங்' என்று அடிக்கிறது

எஞ்சின் உருளும் அளவைக் கண்ணால் பார்ப்பதே முதல் சோதனை. கைப்பேசியை எஞ்சின் அறையில் பாதுகாப்பான ஓரத்தில் மவுண்டைப் பார்த்தபடி கட்டி, வீடியோவை ஓடவிட்டு, பானெட்டைத் திறந்தே வைத்து, ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து பிரேக்கை முழுதாக அழுத்திக்கொண்டு முதல் கியரில் கிளட்ச்சைப் பிடிப்புநிலை வரை மட்டும் விட வேண்டும். பிறகு ரிவர்ஸில் அதையே செய்ய வேண்டும். வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் எவரும் நிற்கக் கூடாது. ரப்பர் மவுண்டில் எஞ்சின் 10 முதல் 15 மி.மீ. வரை சாய்ந்து திரும்புவதை நான் இயல்பாகக் கொள்கிறேன். 25 மி.மீ.யைத் தாண்டினால் ஏதோ ஒன்று தளர்ந்திருக்கிறது அல்லது கிழிந்திருக்கிறது.

முன்னாலிருந்து பார்க்கும்போது கிராங்க் வலஞ்சுழியாகச் சுழலும் நெடுக்குவாட்டு எஞ்சின்களில், முன்னோக்கிய கியரில் எஞ்சினின் இடப்பக்கம், அதாவது இருக்கையில் முன்னோக்கி அமர்ந்தவரின் இடப்பக்கம், மேலே எழும்ப முயலும். ஆகவே அந்தப் பக்க ரப்பர்தான் முதலில் கிழியும். கிழிசல் எஞ்சின் அணைந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. எடை அதை அழுத்தி மூடி வைத்திருக்கும். நெம்புகோலால் அந்தப் பக்கத்தைச் சற்றுத் தூக்கினால் ரப்பர் வாய் பிளக்கும்.

இதை அலட்சியம் செய்யக் கூடாது என்பதற்குப் பெரிய சான்று உண்டு. 1971-ஆம் ஆண்டு இறுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஏறத்தாழ 67 இலட்சம் ஷெவ்ரலே வண்டிகளைத் திரும்ப அழைத்தது. மவுண்ட் ரப்பர் பிரிந்து எஞ்சின் எழும்பியபோது ஆக்சிலரேட்டர் இணைப்பு இழுபட்டுத் திறந்துகொள்ளும் அபாயம் அவற்றில் இருந்தது. ரப்பர் பிரிந்தாலும் எஞ்சின் எழும்பாதபடி பிடித்து வைக்கும் தடுப்பு ஒன்றே அன்று தரப்பட்ட தீர்வு. கையால் செய்யும் பிராக்கெட்டிலும் இதையே கடைப்பிடியுங்கள்: ரப்பர் முழுதும் போய்விட்டாலும் குறுக்கே செல்லும் போல்ட் காதுகளுக்குள்ளேயே சிக்கி நிற்கும் வடிவமாக அது இருக்கட்டும். இரண்டு தட்டைத் தகடுகளுக்கு இடையே ரப்பரை ஒட்டி மட்டும் வைக்கும் வடிவத்தில் இந்தக் காப்பு இல்லை.

மவுண்டுகள் அசையாமல் இருந்தும் சத்தம் வந்தால் யூனிவர்சல் ஜாயிண்டையும் டிஃபரென்ஷியலின் பல் இடைவெளியையும் பாருங்கள். டிஃபரென்ஷியலைத் திறக்கும் வேலை அதற்கென இருக்கும் மெக்கானிக்குடையது.

அறிகுறி: முடுக்கிய போல்ட் சில நூறு கிலோமீட்டரில் தளர்ந்துவிடுகிறது

பெயின்ட்டைப் பாருங்கள். பிராக்கெட் எஞ்சினோடு சேரும் முகத்தில் பவுடர் கோட்டிங் தடிமனாக இருந்தால், போல்ட்டின் அழுத்தத்திலும் எஞ்சின் சூட்டிலும் அந்தப் பூச்சு மெல்ல நசுங்கி வழிந்துவிடும்; போல்ட் சுழலாமலேயே இறுக்கம் போய்விடும். சேரும் முகங்களையும் வாஷர் உட்காரும் வட்டத்தையும் வெறும் இரும்பாகத் தேய்த்து, துருப்பிடிக்காதிருக்க மெல்லிய ப்ரைமர் மட்டும் பூசி, மறுபடி முடுக்குங்கள்.

அடுத்து, மரையின் ஆழம். அலுமினிய பிளாக்கில் போல்ட் தன் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்காவது உள்ளே பிடிக்க வேண்டும். எம் 10 (10 மி.மீ. விட்டமுள்ள) போல்ட்டானால் 15 மி.மீ. பழைய பிராக்கெட்டைவிடத் தடித்த தகட்டைப் போட்டுவிட்டுப் பழைய நீளப் போல்ட்டையே திருகுவதால் இந்தப் பிடிப்பு குறைகிறது. மிக நீண்ட போல்ட்டும் ஆகாது. துளையின் அடியில் முட்டி நின்று, முடுக்கப்பட்டதாக ஏமாற்றும். போல்ட் தலையில் அதன் வலிமைத் தரத்தைக் காட்டும் 8.8 என்ற எண் இருக்க வேண்டும். உலர்ந்த இரும்பு மரையில் எம் 10-க்கு 45 முதல் 50 நியூட்டன் மீட்டர், எம் 12-க்கு 80 நியூட்டன் மீட்டர் அளவில் டார்க் ரெஞ்ச்சால் முடுக்குவது வழக்கம். அலுமினிய மரைக்கு எஞ்சின் கையேட்டின் எண்ணையே பின்பற்றுங்கள். அங்கு மரை உரிந்திருந்தால் இழைச்செருகி (உரிந்த மரைக்குப் பதிலாகத் துளைக்குள் வைக்கும் புதிய மரை) போட்டுச் சரிசெய்யலாம். பிளாக்கின் காதே உடைந்திருந்தால் அலுமினிய வெல்டிங் தெரிந்தவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

அறிகுறி: ஒரு குறிப்பிட்ட ஓட்டவேகத்தில் மட்டும் அதிர்வு

அந்த வேகத்தில் நேரான, வெறிச்சோடிய சாலையில் கியரை நியூட்ரலில் போட்டு வண்டியை உருளவிடுங்கள். அதிர்வு மறைந்தால் எஞ்சினும் மவுண்டும். அதிர்வு அப்படியே இருந்தால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டோ (கியர்பாக்ஸிலிருந்து டிஃபரென்ஷியலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டோ) சக்கரமோ. மிதிக்கும்போது கூடி, விடும்போது குறைந்தால் பெரும்பாலும் ஷாஃப்ட்டின் கோணம்.

கோணம் கெடுவதற்கு நேரடிக் காரணம் மவுண்டின் உயரம்தான். கியர்பாக்ஸின் பின்முனையும் டிஃபரென்ஷியலின் பினியன் முகமும் ஒன்றுக்கொன்று இணையாக, 1 பாகைக்குள் இருக்க வேண்டும். ஷாஃப்ட் அவற்றோடு உண்டாக்கும் கோணம் 1 முதல் 3 பாகைக்குள் இருப்பது நல்லது. 0 பாகையும் கூடாது, ஏனெனில் ஜாயிண்டின் ஊசி பேரிங்குகள் உருளாமல் ஒரே இடத்தில் தட்டித் தட்டிப் பள்ளம் விழுத்தும். டிஜிட்டல் கோணமானியை வால்வு கவர் மேலோ சம்ப்பின் மேலோ வைத்து அளப்பவர்கள் ஏமாறுகிறார்கள். கிராங்க் புல்லியின் முகம் போன்ற கடைந்த முகத்தில் வைத்து அளக்க வேண்டும். வண்டி தன் சக்கரங்களின் மேல், வழக்கமான எடையோடு நிற்கட்டும்.

விலகல் இருந்தால் முன் பிராக்கெட்டைத் தொடாதீர்கள். கியர்பாக்ஸ் மவுண்டின் அடியில் தகடு கொடுத்து ஏற்றுவதோ இறக்குவதோ மிக மலிவான வழி. முன் மவுண்டுகளிலிருந்து கியர்பாக்ஸ் மவுண்ட் 700 மி.மீ. தொலைவில் இருந்தால் 12 மி.மீ. தகடு ஏறத்தாழ 1 பாகையை மாற்றும். ஸ்டீயரிங் தண்டுக்கு வழிவிட எஞ்சினைப் பக்கவாட்டில் நகர்த்தியிருந்தால், மேலிருந்து பார்க்கும் கோணத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். எஞ்சின் நகர்ந்து இருக்கலாம், ஆனால் வண்டியின் நடுக்கோட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். முன்னும் பின்னும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்தால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். கோணங்கள் எல்லாம் சரியாக இருந்தும் அதிர்வு தொடர்ந்தால் ஷாஃப்ட்டைக் கழற்றி, சமன்செய்யும் இயந்திரம் உள்ள பட்டறைக்கு அனுப்புங்கள்.

அறிகுறி: பள்ளத்தில் இறங்கும்போதோ திருப்பத்திலோ மட்டும் எங்கோ இடிக்கிறது

நிறுத்திய வண்டியில் இடைவெளி போதுமானதாகத் தெரியும். ஓட்டத்தில் என்ன நடக்கிறது என்பதை விளையாட்டுக் களிமண் சொல்லிவிடும். சம்ப்புக்கும் கிராஸ்மெம்பருக்கும் நடுவில், எக்ஸாஸ்ட்டைத் தவிர்த்துச் சந்தேகமான ஒவ்வொரு இடத்திலும், ஓர் உருண்டையை அழுத்தி ஒட்டி, வழக்கமான பாதையில் ஓட்டி வந்து பாருங்கள். நசுங்கி மிஞ்சிய களிமண்ணின் கனமே உண்மையான இடைவெளி. அதில் பிராக்கெட் பெயின்ட்டின் கீறல் கூடப் பதிந்திருக்கும். சம்ப்பைச் சுற்றி நின்ற நிலையில் 20 மி.மீ., ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் 25 மி.மீ. என்பது நான் விட்டுவைக்கும் அளவு. எக்ஸாஸ்ட்டுக்கு அருகில் ரப்பர் வந்தால் நடுவே தகட்டு மறைப்பு அவசியம். சம்ப்பை வெட்டிச் சுருக்க வேண்டிய நிலை வந்தால், எண்ணெய் உறிஞ்சும் குழாயின் இடமும் மாறும் என்பதால், அதைச் செய்து பழகியவரிடம் விடுங்கள்.

அறிகுறி: ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது, கிளட்ச் கேபிள் சுடுகிறது

புதிய ரப்பர் மவுண்டுகளில் எஞ்சின் மின்சாரத்திற்குத் தனித்தீவாகிவிடும். எஞ்சினிலிருந்து உடலுக்குப் போகும் தடித்த எர்த் பட்டையை மாட்ட மறந்தால், ஸ்டார்ட்டரின் மின்னோட்டம் கேபிள்களையும் பேரிங்குகளையும் வழியாக்கிக்கொள்ளும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது எஞ்சின் பிளாக்குக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் நடுவே மல்டிமீட்டர் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், பெயின்ட்டைச் சுரண்டிப் புதிய பட்டையைப் பொருத்துங்கள்.

அறிகுறி: பிராக்கெட்டில் விரிசல்

எந்த இடத்தில் விரிசல் என்பதைப் பார்க்கும் முன் எதையும் பற்றவைக்காதீர்கள். கம்பித் தூரிகையால் தேய்த்து, சாயம் ஊடுருவும் சோதனைக்கான மூன்று ஸ்ப்ரேக்களை வரிசையாகப் பயன்படுத்துங்கள். துடைக்கும் திரவத்தால் துடைத்து, சிவப்புச் சாயத்தை அடித்துப் பத்து நிமிடம் விட்டு, மேலே உள்ளதைத் துணியால் துடைத்துவிட்டு, வெள்ளைப் பொடியை அடித்தால், விரிசல் வெள்ளைப் பரப்பில் சிவப்பு நூலாக ஊறி எழும். கண்ணுக்குத் தெரிந்த விரிசல் 20 மி.மீ. என்றால் அந்த நூல் 35 மி.மீ. ஓடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

விரிசல் பற்றவைப்பின் நடுவிலேயே ஓடினால், பற்றவைப்பு தகட்டுக்குள் ஊறாமல் மேலே மட்டும் உட்கார்ந்திருக்கிறது. 6 மி.மீ. தகட்டுக்கு ஓரத்தைச் சரிவாகத் தேய்க்காமல், குறைந்த ஆம்பியரில் வைத்த மிக் வெல்டிங்கில் இது வழக்கம். பழையதை முழுதும் தேய்த்து எடுத்து, ஓரத்தைச் சரித்து, மறுபடி வைக்கலாம்.

விரிசல் பற்றவைப்பின் விளிம்பை ஒட்டித் தகட்டில் ஓடினால் பற்றவைப்பு நல்லது. அந்த இடம் வளைந்து வளைந்து களைத்திருக்கிறது. இங்கேதான் எல்லோருடைய கையும் தாங்குதகட்டைத் தேடும். ஒரு வண்டி என்னிடம் வந்தபோது மூன்றாவது விரிசலோடு வந்தது. முதல் விரிசலுக்கு உரிமையாளர் ஒரு முக்கோணத் தகட்டை ஒட்டியிருந்தார். விரிசல் அந்த முக்கோணத்தின் நுனிக்கு இடம்பெயர்ந்தது. பின்னர் பிராக்கெட்டைப் பெட்டிபோல் மூடியிருந்தார். விரிசல் பிராக்கெட்டை விட்டு சேசிஸ் ரெயிலுக்கே போய்விட்டது. கியர்பாக்ஸ் மவுண்டின் இரண்டு போல்ட்டுகளையும் கழற்றினேன். கடைசி மரை விட்ட கணத்தில் கியர்பாக்ஸின் வால் 'டக்' என்று எழும்பி, கிராஸ்மெம்பருக்கு மேலே 8 மி.மீ. இடைவெளி விட்டு நின்றது. அத்தனை நாளும் அந்த 8 மி.மீ.யை முன் பிராக்கெட்டுகள் ஓய்வின்றி முறுக்கத்தில் தாங்கிக்கொண்டிருந்தன. கிராஸ்மெம்பருக்கு மேல் 8 மி.மீ. தகடு வைத்து, முன் பிராக்கெட்டுகளை முதல் வடிவத்திலேயே புதிதாகச் செய்தபின் விரிசல் திரும்பவில்லை.

எனவே எளியதிலிருந்து பாருங்கள்: மேலே முதல் அறிகுறியில் சொன்னபடி எல்லாவற்றையும் தளர்த்தி, எஞ்சின் எந்தப் பக்கம் துள்ளுகிறது என்று கவனியுங்கள். துள்ளினால் அதைச் சரிசெய்யாமல் தகட்டில் கை வைக்க வேண்டாம். பின்னர் மூன்று மவுண்டுகளின் கடினமும் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். முன்னே மென்மையான ரப்பரும் பின்னே அசையாத இரும்பு மவுண்டும் வைத்தால் எஞ்சின் அசைவு முழுதும் கியர்பாக்ஸின் வால்பகுதியை முறுக்கும், உடைவது பிராக்கெட்டாக இல்லாமல் அலுமினியக் கூடாகவும் இருக்கலாம். இவை இரண்டும் சரியென்றால் மட்டுமே வடிவக் குறை. திறந்த ஒற்றைத் தகடு பக்கவாட்டில் வளையும். அதன் ஓரங்களை மடித்தோ இரு தகடுகளை எதிரெதிரே வைத்தோ செய்தால், கனம் கூடாமலேயே விறைப்பு கூடும். தாங்குதகட்டின் நுனி தட்டைப் பரப்பின் நடுவில் முடியாமல், மடிப்பிலோ ஓரத்திலோ முடிய வேண்டும்.

விரிசலின் முனையில் 3 மி.மீ. துளையிடுவது வண்டியைப் பட்டறை வரை கொண்டுசேர்க்க மட்டும் உதவும். அதற்கு மேல் அதை நம்பக் கூடாது.

பிராக்கெட்டைத் தாண்டி சேசிஸ் ரெயிலிலோ, ஸ்டீயரிங்கும் சஸ்பென்ஷனும் தொங்கும் கிராஸ்மெம்பரிலோ சிவப்பு நூல் தெரிந்தால் வேலையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். பல வண்டிகளின் ரெயில்கள் உயர்வலிமை எஃகால் ஆனவை. தவறான சூட்டில் அவை வலிமையை இழக்கும், இழந்தது வெளியில் தெரியாது. அளவெடுக்கும் மேசையும் சேசிஸ் பற்றவைப்பில் சான்றிதழும் உள்ள பட்டறைக்கு வண்டியை ஓட்டாமல், ஏற்றிக்கொண்டு செல்லுங்கள். உங்கள் விலகல் எண்களையும் கியர்பாக்ஸ் மவுண்டில் அளந்ததையும் எழுதிய தாளை அவர்களிடம் கொடுங்கள்.